ஊர்ப் பூட்டுக்கு யார் எண்ணெய் போடுவது?

இன்று உங்கள் வீட்டில் யாராவது செல்போனில் பணம் அனுப்பியிருப்பார்கள். பால்காரருக்கு அனுப்பியிருக்கலாம். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்பியிருக்கலாம். விரலால் நாலு தட்டு. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது!

அந்தச் செய்தி போன வழியில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றைக் கடந்துதான் போயிற்று. ஆனாலும் வழியில் யாரும் அதைப் படிக்கவில்லை. யாரும் அதைத் திருத்தவில்லை. காரணம், அந்தச் செய்தி பூட்டப்பட்டிருந்தது.

அந்தப் பூட்டைச் செய்தவர் யார்? அது பழுதானால் பார்ப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள்கூடப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 2014-ம் ஆண்டில் பூட்டில் ஓர் ஓட்டை தெரிந்தது. அப்போதுதான் கேட்டார்கள். கிடைத்த பதில் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கதையோடு ஒரு நியாயத்தையும் சொல்லப்போகிறேன். எல்லோரும் உபயோகிக்கிற ஒரு பொதுப் பொருளால் யார் லாபம் அடைகிறார்களோ, அவர்கள் அதன் பராமரிப்புக்குப் பங்கு கொடுக்க வேண்டும். இதுவே அந்த நியாயம்.

கார்டும் கவரும்

முன்பெல்லாம் தபால் கார்டில் கடிதம் எழுதுவோம். அதை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இரகசியமான விஷயம் என்றால் கவரில் வைத்து ஒட்டி அனுப்புவோம்.

இன்டர்நெட்டில் பூட்டு இல்லாமல் போகும் செய்தி, கார்டில் எழுதிய கடிதம் மாதிரி. உங்கள் பாங்கிக் கணக்கு எண்ணையும் இரகசியச் சொல்லையும் கார்டில் எழுதி அனுப்புவீர்களா? மாட்டீர்கள்!

ஆகவே, செய்திகளைப் பூட்டி அனுப்ப ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் இருந்த நெட்ஸ்கேப் என்ற கம்பெனி 1995-ல் எஸ்.எஸ்.எல். என்ற முறையை வெளியிட்டது. 1999-ல் அதன் வாரிசாக டி.எல்.எஸ். என்ற முறை வந்தது. 2018-ல் வெளியான அதன் 1.3-வது பதிப்பு இப்போது பரவலாக உபயோகத்தில் இருக்கிறது.

இரண்டு சாவிகள்

சாதாரணப் பூட்டுக்குப் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவிதான். ஆனால், முன்பின் பார்த்திராத இரண்டு பேர் தூரத்தில் இருந்துகொண்டு எப்படி ஒரே சாவியை வைத்துக்கொள்வது? சாவியைத் தபாலில் அனுப்பினால் அதையும் திருடிவிடுவார்களே!

இந்தச் சிக்கலுக்கு 1976-ல் வழி சொன்னார்கள் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் இன்னொரு வழியைச் செய்து காட்டினார்கள்.

அவர்கள் கணக்கில் சாவிகள் ஜோடியாக இருக்கும். ஒரு சாவி, சொந்தக்காரரிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவி. மற்றொன்று, ஊருக்கெல்லாம் கொடுக்கும் பொதுச் சாவி. இரகசியச் சாவியால் ஒரு முத்திரை குத்தலாம். அந்த முத்திரை சரியானதுதானா என்று பொதுச் சாவியை வைத்து யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு அதே முத்திரையைக் குத்த முடியாது.

உங்கள் செல்போன் பாங்கியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டதும் இந்த முத்திரைச் சோதனை நடக்கிறது. பிறகு, அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து ஒரு தாற்காலிகச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன. பேச்சு முடிந்ததும் அந்தச் சாவிக்கு வேலை இல்லை. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது!

கையெழுத்துப் போட்டவர் யார்?

இங்கே ஒரு சந்தேகம் வரும். "நான்தான் பாங்கி, இதுதான் என் பொதுச் சாவி" என்று ஒரு திருடன் வந்து நீட்டினால்?

அதற்குத்தான் சர்ட்டிபிகேட். நீங்கள் இன்னார் என்பதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட் வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, "இந்தப் பொதுச் சாவி இந்தப் பெயருக்குச் சொந்தம்" என்று ஒரு நிறுவனம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. எந்த எந்த நிறுவனங்களின் கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் கையெழுத்தாக இருந்தால் செல்போன் உடனே எச்சரிக்கும். சர்ட்டிபிகேட்டின் கெடு முடிந்திருந்தாலும் எச்சரிக்கும்.

சாவி செய்வது, முத்திரை குத்துவது, சர்ட்டிபிகேட்டைச் சோதிப்பது ஆகிய இந்த வேலைகளையெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தானே எழுதிக்கொள்வதில்லை. அது கடினமான கணக்கு. எழுத்து ஒன்று தவறினாலும் பூட்டு பொய்யாகிவிடும். ஆகவே, வல்லவர்கள் எழுதி வைத்த ஒரு பொதுக் கருவிப் பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டிகளில் புகழ்பெற்றது ஓபன்எஸ்எஸ்எல்.

ஆஸ்திரேலியாவில் பிறந்தது

இந்தப் பெட்டி அமெரிக்காவில் பிறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாளில் அமெரிக்க அரசாங்கம் பலமான இரகசியப் பூட்டுகளைப் போர்த் தளவாடங்களைப் போல நடத்தியது. அனுமதி இல்லாமல் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது! வெளிநாட்டாருக்குப் பலம் குறைந்த பூட்டுதான். இந்தக் கட்டுப்பாட்டை 2000-ம் ஆண்டில்தான் பெருமளவு தளர்த்தினார்கள்.

ஆஸ்திரேலியாவில் இருந்த எரிக் யங், டிம் ஹட்சன் என்ற இருவர் 1995-ல் எஸ்எஸ்எல்ஈஏ என்ற பெட்டியை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 1998-ல் அவர்கள் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் பெட்டி அநாதையாகிவிடவில்லை. பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து அதை எடுத்து வளர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.

'ஓபன்' என்றால் திறந்தது. பூட்டுக்குத் 'திறந்தது' என்று பெயரா என்று சிரிக்காதீர்கள்! பூட்டு திறந்திருக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரம் முழுவதும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம். யாரும் சோதிக்கலாம். திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தாலும் சரியான சாவி இல்லாமல் அடுத்த பூட்டைத் திறக்க முடியாது அல்லவா? அதுபோல்தான். பூட்டின் பலம் சாவியில் இருக்க வேண்டுமே ஒழிய, செய்முறையை மறைப்பதில் இருக்கக் கூடாது.

நீங்களே கட்டலாம்

உங்கள் பிள்ளை கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறானா? பெண் படிக்கிறாளா? அவர்களே இந்தப் பெட்டியைக் கட்டிப் பார்க்கலாம். காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் மூலப் பிரதியை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அது உண்மையான பிரதிதானா என்று முத்திரையைச் சரிபார்க்க வேண்டும். பிறகு நான்கு கட்டளைகள். 'கான்ஃபிகர்' என்றால், இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி ஏற்பாடு செய் என்று பொருள். 'மேக்' என்றால் கட்டு. 'மேக் டெஸ்ட்' என்றால் கட்டியது சரியா என்று சோதி. 'மேக் இன்ஸ்டால்' என்றால் அதன் இடத்தில் கொண்டுபோய் வை. மூன்றாவது கட்டளையைச் சோம்பேறிகள் விட்டுவிடுவார்கள். விடக் கூடாது! பூட்டுக் கடைக்காரர்கூடச் சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பிப் பார்க்காமல் பூட்டை விற்கமாட்டார்.

கட்டி முடித்தபின் சர்ட்டிபிகேட் வேலை. ஒரு கட்டளையில் சாவி ஜோடி பிறக்கும். அடுத்த கட்டளையில், "இந்தப் பெயருக்கு இந்தச் சாவி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று ஒரு மனு தயாராகும். மனு கையெழுத்தாகி வந்தால் அதுவே சர்ட்டிபிகேட். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் கையெழுத்து, என்றைக்குக் கெடு என்று படித்துப் பார்க்கவும் கட்டளை உண்டு.

வேண்டுமானால் உங்கள் பையனே தாசில்தாராகித் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கல்லூரிச் சோதனைக் கூடத்தில் அது செல்லும். வெளியில் செல்லாது. வீட்டிலேயே ரேஷன் கார்டு அச்சடித்தால் கடைக்காரர் அரிசி போடுவாரா?

வெளியில் செல்லும் சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு காலத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல நிறுவனம் அதை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்து வருகிறது.

ஒரு வரியை எடுத்த வினை

ஆனால், கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்றும் தெரிய வேண்டும்.

டெபியன் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு பொதுப் புரோகிராம். அதை நடத்தும் தொண்டர்கள் 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல்லைக் கட்டும்போது சிறு மாற்றம் செய்தார்கள். சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னதால் செய்த மாற்றம் அது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், சாவியை யாரும் ஊகிக்க முடியாதபடி கலக்கிவிடும் பகுதி அதனால் அடிபட்டுப் போயிற்று.

விளைவு என்ன தெரியுமா? கோடி கோடியாக விதவிதமாகப் பிறக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் 32,768-க்குள்ளேயே திரும்பத் திரும்பப் பிறந்தன! ஒரு கம்ப்யூட்டருக்கு இத்தனை சாவிகளையும் போட்டுப் பார்ப்பது மிகச் சிறிய வேலை. 2008 மே மாதம்தான் இது வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளாகக் கவனிப்பார் இல்லை. உலகெங்கும் அந்தச் சாவிகளை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

'பூ' என்று சொல்!

இதைவிடப் பெரிய இடி 2014-ல் விழுந்தது.

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் சற்று மௌனம் வந்தால், "இருக்கிறாயா?" என்று ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ள ஒரு வசதி செய்தார்கள். இதயத் துடிப்பு என்று அதற்குப் பெயர். "நீ இருந்தால் 'பூ' என்ற சொல்லைத் திருப்பிச் சொல். அது ஓர் எழுத்துச் சொல்" என்று ஒன்று கேட்கும். மற்றது "பூ" என்று பதில் சொல்லும்.

இப்போது ஒரு போக்கிரி வருகிறான். "'பூ' என்று சொல். அது 64 ஆயிரம் எழுத்துச் சொல்" என்கிறான். மனிதராக இருந்தால், "ஏனய்யா, பூவுக்கு ஏது இத்தனை எழுத்து?" என்று கேட்டிருப்பார். அந்தப் புரோகிராம் கேட்கவில்லை! "பூ" என்று தொடங்கி, தன் ஞாபகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் 64 ஆயிரம் எழுத்து வரை ஒப்பித்துவிட்டது. அதில் பிறருடைய இரகசியச் சொல் இருக்கலாம். பாங்கி விவரம் இருக்கலாம். பூட்டின் இரகசியச் சாவியே இருக்கலாம்! போக்கிரி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வந்து போன சுவடும் பெரும்பாலும் இராது.

இந்தப் பகுதி பெட்டிக்குள் சேர்ந்தது 2011 டிசம்பர் 31. வெளியானது 2012 மார்ச் மாதம். எழுதியவர் ஒருவர். படித்துப் பார்த்துச் சரி என்றவர் ஒருவர். இருவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

கூகுள் கம்பெனி நிபுணர் நீல் மேத்தாவும், பின்லாந்தைச் சேர்ந்த கோடனோமிகான் கம்பெனி நிபுணர்களும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். 2014 ஏப்ரல் 7-ந் தேதி செய்தி வெளியாயிற்று. 'ஹார்ட்பிளீட்', அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கசிகிறது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகத்தில் அங்கீகாரம் பெற்ற சர்ட்டிபிகேட்டோடு இருந்த வலைத்தளங்களில் சுமார் 5 லட்சம் இந்தக் கசிவுக்கு ஆளாகியிருந்ததாக அன்று கணக்கிட்டார்கள்.

கனடா நாட்டு வரி இலாகா தன் இன்டர்நெட் சேவையையே சில நாட்கள் மூடிவிட்டது. அதற்குள் ஆறு மணி நேரத்தில் சுமார் 900 பேருடைய சமூகக் காப்பு எண்கள் திருடு போய்விட்டன!

ஓட்டையை அடைக்க எவ்வளவு வேலை? சொன்ன நீளம் உண்மையான நீளம்தானா என்று பார்க்கும் சில வரிகள். அவ்வளவுதான்!

மாதம் 10 ஆயிரம் ரூபாய்!

அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தப் பூட்டைக் காப்பது யார்? பெரிய மாளிகை இருக்கும், நூற்றுக்கணக்கான நிபுணர்கள் இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

முழு நேரமும் இதே வேலையாக இருந்தவர் ஒரே ஒருவர்! மற்றவர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தொண்டு செய்தவர்கள். உலகம் முழுவதிலிருந்தும் வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு 10 ஆயிரம் ரூபாய்! மீதியை அவர்கள் கம்பெனிகளுக்குக் கூலி வேலை செய்து சம்பாதித்துக்கொண்டார்கள்.

கோடி கோடியாக லாபம் சம்பாதித்த கம்பெனிகள் இந்தப் பூட்டைத்தான் தங்கள் வாசலில் தொங்கவிட்டிருந்தன. காவல்காரருக்குச் சோறு போட அவற்றில் பலவற்றுக்குத் தோன்றவில்லை.

தவறு செய்த அந்தத் தொண்டரைத் திட்டியவர்கள் உண்டு. அது நியாயம் அல்ல. தவறு செய்யாத மனிதர் யார்? ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிக்க வேண்டும். அவரும் தவறினால் மூன்றாமவர் பிடிக்க வேண்டும். மூன்றாமவரை நியமிக்கப் பணம் இல்லை என்பதுதான் உண்மையான குற்றம்.

இரண்டு வாதங்கள்

"அவர்களே இலவசமாகக் கொடுத்தார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டோம். இதில் என்ன கடன்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

சட்டப்படி கடன் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரித் தண்ணீரும் இலவசம்தான். அதனால் ஏரி தானே தூர் வாரிக்கொள்ளுமா? நம் கிராமங்களில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. எந்த ஏரியில் தண்ணீர் பாய்கிறதோ அந்த ஏரிக்கு மண்வெட்டி தூக்க வேண்டும். நிலம் உள்ளவர் ஒதுங்கிக்கொண்டு நிலம் இல்லாதவரை மட்டும் வேலை செய்யச் சொன்னால் ஊர் சும்மா இராது. ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்தில் நடந்தது அதுதான்.

"இலவசப் பொருள் இப்படித்தான் இருக்கும். விலை கொடுத்து மூடிய பூட்டை வாங்குவதே மேல்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

அதுவும் சரி அல்ல. மூடிய பூட்டில் ஓட்டை இருந்தால் விற்றவர் சொன்னால்தான் தெரியும். திருத்தமும் அவர் மனம் வைத்தால்தான் வரும். திறந்த பூட்டில், செய்தி வெளியான அன்றே திருத்தமும் எல்லோர் கைக்கும் கிடைத்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 'எல்லோரும் படிக்கலாம்' என்பதால் 'யாரோ படித்திருப்பார்கள்' என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். படிப்பதற்கு ஆள் வைக்க வேண்டும். ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பணம் வந்தது, பலன் வந்தது

அதிர்ச்சிக்குப் பிறகு நல்ல காரியமும் நடந்தது. 2014 ஏப்ரலிலேயே லினக்ஸ் பவுண்டேஷன் ஒரு நிதி திரட்டியது. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், பேஸ்புக், ஐ.பி.எம். முதலிய கம்பெனிகள் ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர முன்வந்தன. அந்தப் பணத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு இரண்டு பேர் முழு நேர வேலைக்கு ஏற்பாடாயிற்று. வெளி நிபுணர்களைக் கொண்டு தணிக்கையும் நடந்தது. மற்றொரு பக்கம், கூகுள் அதே ஆண்டில் இந்தப் பெட்டியிலிருந்து தனக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு செல்போன்களில் இருப்பது அந்தக் கிளைதான்.

2021 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வெளியாயிற்று. 2025 ஏப்ரலில் வந்த 3.5-வது பதிப்பில், எதிர்காலத்துக் குவான்டம் கம்ப்யூட்டர்களாலும் உடைக்க முடியாதபடி வகுத்த புதுவிதப் பூட்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். கவனித்தவுடன் பயிர் எப்படி நிமிர்கிறது பாருங்கள்!

கெடு மறந்தால் என்ன ஆகும்?

பூட்டைப் போலவே சர்ட்டிபிகேட்டுக்கும் பராமரிப்பு வேண்டும்.

2018 டிசம்பர் 6-ந் தேதி இங்கிலாந்தில் ஓ2 என்ற கம்பெனியின் செல்போன்களில் இன்டர்நெட் நின்றுவிட்டது. 3 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொல்லை! காரணம், எரிக்சன் கம்பெனி கொடுத்த புரோகிராம் ஒன்றில் இருந்த சர்ட்டிபிகேட்டுக்குக் கெடு முடிந்துவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறவரும் விழிப்பாக இருக்க வேண்டும். 2011-ல் ஹாலந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சர்ட்டிபிகேட் கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்து, கூகுள் பெயரிலேயே பொய்ச் சர்ட்டிபிகேட் தயாரித்தார்கள். ஈரான் நாட்டில் சுமார் 3 லட்சம் பேருடைய போக்குவரத்து அதற்கு ஆளாயிற்று. அந்தக் கம்பெனி அதே ஆண்டில் திவால் ஆயிற்று. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசியத் தகவல் மையத்தின் சர்ட்டிபிகேட் பிரிவிலிருந்து கூகுள் பெயருக்கு அனுமதி இல்லாத சர்ட்டிபிகேட்டுகள் வெளியாயின. இந்திய அரசாங்கக் கண்காணிப்பு அதிகாரி அந்தப் பிரிவின் சர்ட்டிபிகேட்டுகளை ரத்து செய்தார்.

இனிமேல் வேலை இன்னும் அதிகம். வலைத்தளச் சர்ட்டிபிகேட்டின் ஆயுளைப் படிப்படியாகக் குறைப்பது என்று 2025 ஏப்ரலில் முடிவாயிற்று. 2029 மார்ச் 15 முதல் ஆயுள் 47 நாட்கள்தான்! இரகசியச் சாவி திருடு போனாலும் திருடனுக்கு நீண்ட நாள் பயன்படக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கெடுவைத் தானாகப் பார்த்துப் புதுப்பிக்கும் கருவியும், அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் இல்லாத அலுவலகம் திண்டாடும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பாங்கிகளும் கம்பெனிகளும். தாங்கள் என்ன என்ன பொதுப் பெட்டிகளை உபயோகிக்கிறோம் என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் உள்ளவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பணம் கொடுக்க முடியாவிட்டால் ஆள் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் தங்கள் என்ஜினீயர் ஒருவரை அந்த வேலைக்கு விடலாம். பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா கம்பெனி இத்தகைய பொதுப் புரோகிராம்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கொடுப்பதாக 2024-ல் அறிவித்தது. மற்றவர்களும் இந்த வழியில் வரட்டும்.

இரண்டாவது, அரசாங்கம். அரசாங்க அலுவலகங்களில் திறந்த புரோகிராம்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று இந்திய அரசாங்கம் 2015-ல் ஒரு கொள்கை வகுத்தது. பாராட்ட வேண்டிய கொள்கை. 'உபயோகி' என்று சொன்னதோடு 'பராமரி' என்பதையும் சேர்க்க வேண்டும். ஜெர்மனி 2022-ல் இதற்கென்றே அரசாங்க நிதி ஒன்று ஏற்படுத்தியது. பாலம் கட்டவும் ரோடு போடவும் வரிப்பணம் செலவாகிறது. நம் பணம் போகும் கண்ணுக்குத் தெரியாத ரோட்டுக்கும் சிறிது செலவாகட்டும்.

மூன்றாவது, கல்லூரிகள். மாணவர்கள் இந்தப் பெட்டியைக் கட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், படித்துக் குறை கண்டுபிடிக்கவும் பழக வேண்டும். கண்ட குறையை முறைப்படி எழுதி அனுப்பப் பழக வேண்டும். தேர்வுக்குப் படித்து மறப்பதைவிட இது மேலான படிப்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தாய்மார்களும் பெரியவர்களும் செய்ய வேண்டியதும் உண்டு.

'சர்ட்டிபிகேட் சரியில்லை, இந்த இடம் பாதுகாப்பானது அல்ல' என்று செல்போன் எச்சரித்தால் மேலே போகாதீர்கள். ஒருவேளை செல்போனில் தேதி தவறாக இருந்தாலும் இப்படி வரும். தேதியைச் சரிபாருங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் பின்வாங்கிவிடுங்கள். அவசரம் என்று பணம் கட்ட வேண்டாம்.

பூட்டுப் படம் தெரிந்தால் கடைக்காரர் யோக்கியர் என்று எண்ணிவிடாதீர்கள். மோசடிக்காரனும் தன் கடைக்கு சர்ட்டிபிகேட் வாங்கலாம். பேச்சு பூட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பூட்டு சொல்லும். யாரோடு பேசுகிறீர்கள் என்பதை மேலே உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்தால்தான் கூகுளின் குரோம் 2023-ல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது.

செல்போனில் 'அப்டேட்' வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டை அடைக்கும் மண் அதில்தான் வருகிறது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஒரே ஒருவர் இழுத்துக்கொண்டிருந்த தேரில் உலகமே உட்கார்ந்து போன கதையைத்தான் 2014-ல் பார்த்தோம். அவர் கை சற்று நழுவியதும் எல்லோரும் அலறினோம். வெள்ளம் வருமுன்பே அணை போட வேண்டும். வடம் பிடிக்க இன்னும் பல கைகள் வரட்டும். லாபம் பெரிதாக உள்ள கைகள் முதலில் வரட்டும்!